நைட்டிங்கேல் அம்மையார்: விளக்குக்குப் பின்னால் இருந்த கணக்கு

பிளஸ் டூ முடிவுகள் வெளிவரும் நாட்களில் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை என்று நம் கரிசல் ஊர்களின் வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும். பெண் பிள்ளை உயிரியல் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பாள். மருத்துவப் படிப்புக்கு அது போதாது. பி.எஸ்சி. நர்சிங் சேரலாம், டி.ஜி.என்.எம். படிக்கலாம் என்று பள்ளி டீச்சர் சொல்லியிருப்பார். அத்தாவுக்கு அரை மனது. அம்மாவுக்கு நைட் டூட்டி பயம். பெரியத்தா வந்து, அந்நிய ஆண்களைத் தொட்டுச் செய்யும் வேலை நமக்கெதற்கு, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்று கேட்டுவிட்டுப் போவார். தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போய் வரும் அம்மாக்கள்தான் பல வீடுகளில் மகளைப் படிக்க வைக்கிறார்கள். அந்த அம்மாக்களே இந்த இடத்தில் தயங்கி நிற்பதைப் பார்க்கிறோம்.

மார்க்கத்தின் பக்கம் நின்று பார்த்தால் இந்தத் தயக்கத்துக்குப் பெரிய இடமில்லை. அஸ்லம் கோத்திரத்தைச் சேர்ந்த ருஃபைதா (ரலி) அவர்கள் மதீனாவில் காயம்பட்டவர்களைக் கவனித்து வந்த பெண்மணி. அகழ்ப் போரில் கை நரம்பில் அம்பு பாய்ந்து ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் விழுந்தபோது, அவர்கள் ருஃபைதாவின் பராமரிப்பில் வைக்கப்பட்டார்கள். கூடாரம் அடிக்கப்பட்ட இடம் மஸ்ஜிதுந் நபவியேதான். நபி (ஸல்) அவர்கள் காலையும் மாலையும் அங்கே வந்து நலம் விசாரித்தார்கள். உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்களில் பங்கேற்று, சமையலும் நோயாளிப் பராமரிப்பும் பார்த்ததாக ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. நம் பள்ளிவாசல் பயான்களில் இந்தப் பெயர்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கேட்டால் நன்றாக இருக்கும்.

ஆனால் இந்தக் கட்டுரையில் நாம் பார்க்கப் போவது வேறொருவரின் வாழ்க்கையை. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். பள்ளிப் பாடத்தில் கையில் விளக்கோடு நிற்கும் படமாக மட்டும் நமக்கு அறிமுகமானவர். அவர் பிறந்த மே 12ஆம் தேதியைத்தான் உலக செவிலியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஆங்கிலேயக் கிறிஸ்தவப் பெண்மணியைப் பற்றி நம் பக்கத்தில் எதற்கு என்று யாராவது கேட்கலாம். அவர் பெயர் பெற்றது உஸ்மானியப் பேரரசின் மண்ணில், ஒரு சுல்தானின் பெயரைத் தாங்கிய படைவீட்டுக்குள். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அவர் கவலைப்பட்டதில் நம் சென்னை மாகாணத்தின் தண்ணீரும் பஞ்சமும் உண்டு. அதைவிட முக்கியமாக, நம் வீடுகளில் இன்று நடக்கும் அதே பேச்சு 1845இல் அவருடைய வீட்டிலும் நடந்தது.

1820இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பிறந்ததால் அவருக்கு அந்தப் பெயர். பெரும் பணக்காரக் குடும்பம். இரண்டு மாளிகைகள், வேலையாட்கள், விருந்துகள். தந்தை தாமே உட்கார்ந்து மகள்களுக்கு லத்தீன், கிரேக்கம், வரலாறு எல்லாம் கற்றுக் கொடுத்தார். ஃபுளோரன்ஸுக்குக் கணக்கில்தான் தீராத ஆர்வம். பதினாறு வயதில், இறைவன் தன்னை ஒரு பணிக்கு அழைப்பதாக அவர் உணர்ந்தார். என்ன பணி என்பது தெளிவாகச் சில ஆண்டுகள் ஆயின.

1845இல், இருபத்தைந்து வயதில், பக்கத்து ஊர் மருத்துவமனை ஒன்றில் சில மாதங்கள் தங்கி நோயாளிப் பராமரிப்பு கற்றுக்கொள்ள அனுமதி கேட்டார். வீடே இரண்டுபட்டது. தாய் அழுதார், அக்கா மயங்கி விழாத குறை. அன்றைக்கு இங்கிலாந்தில் நர்ஸ் என்றால் படிப்பில்லாதவள், குடிப்பவள், ஒழுக்கம் கெட்டவள் என்று பெயர். மருத்துவமனை என்பது வீட்டில் வைத்துப் பார்க்க வழியில்லாத ஏழைகள் போய்க் கிடக்கும் இடம். அனுமதி கிடைக்கவில்லை.

அவர் வீட்டை விட்டு ஓடவில்லை. சண்டை போட்டுப் பேச்சை முறிக்கவும் இல்லை. எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். விடியுமுன் எழுந்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் அரசாங்க சுகாதார அறிக்கைகளையும் மருத்துவமனைப் புள்ளிவிவரங்களையும் படித்துக் குறிப்பேடுகள் நிரப்பினார். விடிந்ததும் கீழே இறங்கி வந்து குடும்பத்தாருடன் காலை உணவு, விருந்தினர் உபசாரம். நல்ல இடத்திலிருந்து வந்த சம்பந்தம் ஒன்றையும் நீண்ட யோசனைக்குப் பிறகு மறுத்தார். 1851இல் ஒருவழியாக ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் மூன்று மாதப் பயிற்சி கிடைத்தது. 1853இல் லண்டனில் பெண்களுக்கான ஒரு சிறு மருத்துவ இல்லத்தின் பொறுப்பை ஏற்றபோது தந்தை மனம் இளகி, ஆண்டுக்கு 500 பவுன் செலவுக்குக் கொடுத்தார். இந்த எட்டு ஆண்டுகளைப் பற்றிப் பாடப் புத்தகங்களில் ஒரு வரிகூட இருப்பதில்லை. பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் அதுதான் என்பது நம் கருத்து.

அடுத்த ஆண்டே கிரிமியப் போர். ரஷ்யாவை எதிர்த்து உஸ்மானியர்களுடன் பிரிட்டனும் பிரான்ஸும் அணி சேர்ந்திருந்தன. காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களை வைத்துக்கொள்ள இஸ்தான்புல்லுக்கு எதிர்க்கரையில் உஸ்குதாரில் இருந்த பெரிய படைவீட்டை உஸ்மானியர்கள் கொடுத்திருந்தார்கள். சுல்தான் மூன்றாம் ஸலீமின் பெயரால் அது ஸலீமிய்யா படைவீடு. ஆங்கிலேயர்கள் அந்த ஊரை ஸ்கூட்டாரி என்று எழுதினார்கள். அங்கே கட்டுப்போடத் துணிகூட இல்லாமல் வீரர்கள் சாகிறார்கள் என்று பத்திரிகைச் செய்தி வந்ததும் லண்டன் கொதித்தது. போர்த்துறைச் செயலர் சிட்னி ஹெர்பர்ட் நைட்டிங்கேலை அழைத்தார். 38 பெண்களோடு அவர் புறப்பட்டு 1854 நவம்பர் 4ஆம் தேதி போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 34.

அந்த 38 பேரைக் கொஞ்சம் கவனிப்போம். பத்துப் பேர் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள். எட்டுப் பேர் ஆங்கிலிக்கன் சபைச் சகோதரிகள். ஆறு பேர் இன்னொரு ஆங்கிலிக்கன் நிறுவனத்தினர். பதினான்கு பேர் சம்பளத்துக்கு வந்த மருத்துவமனை நர்சுகள். அவர்களில் சிலருக்குக் குடிப்பழக்கம் உண்டு. ஒருவரை ஒருவர் நம்பாத கூட்டம். போதாததற்குப் படை மருத்துவர்கள் இவர்களை வேண்டாத விருந்தாளிகளாகப் பார்த்தார்கள். எலி ஓடும் சில சிறிய அறைகளில் அத்தனை பேரையும் அடைத்துவிட்டு, வேலை எதுவும் கொடுக்கவில்லை.

கண்முன்னே நோயாளிகள் தரையில் கிடக்கிறார்கள். கையில் பணமும் பொருளும் இருக்கிறது. ஆனாலும் மருத்துவர்கள் கேட்காமல் எந்த நர்சும் வார்டுக்குள் போகக்கூடாது என்று நைட்டிங்கேல் கட்டளையிட்டார். கூட வந்த பெண்களுக்கு அவர் மேல் கோபம். அவர்களை உட்கார வைத்துச் சட்டையும் கட்டுத்துணியும் தைக்கச் சொன்னார். சில நாட்களிலேயே இன்கர்மன் போரில் காயம்பட்டவர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்க, மருத்துவர்கள் தாங்களே வந்து உதவி கேட்டார்கள். ஒரு வார்டில் புதிதாகப் பொறுப்பேற்று, சீனியர் டாக்டரிடம் பேசவே கூச்சப்பட்டு நிற்கும் ஸ்டாஃப் நர்சுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும். அந்த அம்மையார் அடங்கிப் போகவில்லை, ஆள் பார்த்துக் காலம் பார்த்து நின்றார்.

வேலை கைக்கு வந்ததும் அவர் முதலில் தொட்டவை மிகச் சாதாரணமானவை. தரை தேய்க்கும் பிரஷ்களும் துண்டுகளும் வாங்கினார். வெளியே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, கொப்பரை வைத்து வெந்நீர் போட்டு, படைவீரர்களின் மனைவிமாரைச் சம்பளத்துக்கு அமர்த்தித் துணி வெளுக்க வைத்தார். மெல்ல முடியாதவர்களுக்குக் கஞ்சியும் சூப்பும் தனி அடுப்பில் தயாரானது. இறந்தவர்களின் வீடுகளுக்குத் தாமே கடிதம் எழுதினார். உயிரோடிருந்தவர்கள் சம்பளத்தைக் குடித்துத் தீர்க்காமல் ஊருக்கு அனுப்ப வழி செய்தார். வளைகுடாவிலிருந்து மாதாமாதம் பணம் வந்து சேர்வதை எதிர்பார்த்திருக்கும் நம் வீடுகளுக்கு அதன் அருமை தெரியாததல்ல.

இனி அந்த விளக்கு. இரவு எட்டு மணிக்குப் பிறகு எந்த நர்சும் வார்டில் இருக்கக் கூடாது என்று அவர் விதி வைத்திருந்தார். இரவுப் பராமரிப்பு ஆண் பணியாளர்களிடம். தம்மோடு வந்த பெண்கள் மேல் ஒரு சொல் விழுந்தால் பெண்கள் நர்சாக வரும் வழியே அடைபட்டுவிடும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் இரவில் அந்த நீண்ட வராந்தாக்களில் அவர் மட்டும் சுற்றி வந்தார். வரிசையாகப் போட்டிருந்த படுக்கைகளின் நீளம் நான்கு மைல் என்பார்கள். கையில் இருந்ததும் படங்களில் வரைவது போன்ற அலாவுதீன் விளக்கு அல்ல, துணியால் ஆன, மடித்து விரிக்கக்கூடிய துருக்கிக் கூண்டு விளக்கு. ரமளானில் அரபு நாடுகளின் தெருக்களில் தொங்குமே ஃபானூஸ், அதே பெயர்தான் அதற்கும். பெண் பிள்ளையின் நைட் டூட்டிப் பாதுகாப்பைப் பற்றி ஒரு தாய் கவலைப்படுவது பழமைவாதம் அல்ல, நைட்டிங்கேலே கவலைப்பட்டிருக்கிறார். ஆனால் அவர் வேலையை விடவில்லை, விதி செய்தார்.

இனிச் சொல்வது விளக்குக் கதையில் வராத பகுதி. அவர் போன பிறகும் சாவு குறையவில்லை, கூடியது. அந்த முதல் குளிர்காலத்தில் ஸ்கூட்டாரியில் 4,000க்கும் அதிகமான வீரர்கள் இறந்தார்கள். 1855 பிப்ரவரியில் மருத்துவமனையில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் மரணம். துணி சுத்தம், சாப்பாடு சுத்தம், நர்சுகளின் உழைப்பு எல்லாம் இருந்தும் இப்படி. மார்ச் மாதம் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்து தரையைத் தோண்டியது. மருத்துவமனையே அடைபட்ட சாக்கடைகளின் மேல் நின்றுகொண்டிருந்தது. குடிநீர் வரும் வழியில் செத்த குதிரை ஒன்று கிடந்தது. 500 கைவண்டிகளுக்கு மேல் குப்பை அள்ளினார்கள், சாக்கடையைக் கழுவிவிட்டார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஜூன் மாதத்துக்குள் இறப்பு நூற்றுக்கு இரண்டு அளவுக்கு இறங்கிவிட்டது.

1856இல் ஊர் திரும்பினார். வரவேற்பு ஆரவாரத்தைத் தவிர்க்க மிஸ் ஸ்மித் என்ற பெயரில் பயணம் செய்தார். சுல்தான் அப்துல் மஜீத் வைரம் பதித்த கைவளையைப் பரிசளித்திருந்தார். விக்டோரியா ராணி அழைத்துப் பேசினார். அத்தோடு ஓய்ந்திருக்கலாம். அவரோ இறந்தவர்களின் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்கூட்டாரியில் மரணங்களைப் பதிய மூன்று ஏடுகள் இருந்தன. ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை. வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல் அறிஞரின் துணையோடு அந்தக் கணக்கைச் சீர்செய்தபோது உண்மை வெளிவந்தது. போரில் இறந்த சுமார் 21,000 பிரிட்டிஷ் வீரர்களில் 16,000 பேருக்கு மேல் நோயால் போனவர்கள். தாம் இரவெல்லாம் சுற்றி வந்த அந்த மருத்துவமனையின் அழுக்கே ஆட்களைக் கொன்றிருக்கிறது என்பதை அவர் தம் கையால் போட்ட கணக்கிலிருந்தே தெரிந்துகொண்டார்.

நாடே தம்மைத் தேவதையாகக் கொண்டாடும் நேரத்தில் ஒருவர் அந்தக் கணக்கை மூடி வைத்திருக்கலாம். அவர் அதை அரசின் முன் வைத்தார். எண்களைப் பார்த்தால் மந்திரிகளுக்குத் தூக்கம் வரும் என்று, 1858இல் மாதவாரியாக மரணங்களை வட்டத்தில் விரியும் வண்ணத் துண்டுகளாக வரைந்து காட்டினார். நோய்க்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, மற்றதற்குக் கறுப்பு. நீலம்தான் பக்கத்தை நிறைத்தது. அதே ஆண்டு லண்டன் புள்ளியியல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. அங்கே முதல் பெண் அவர்தான். அவருடைய தலைமையின் உச்சம் விளக்கில் இல்லை, இந்த நீல வண்ணத்தில் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம்.

இதெல்லாம் அவர் படுக்கையில் இருந்தபடி செய்தவை. கிரிமியாவில் தொற்றிய காய்ச்சல் அவரை விடவேயில்லை. 1857க்குப் பிறகு பெரும்பாலும் அறைக்குள்ளேயே வாழ்ந்தார். பூனைகள் சூழ, தலையணையில் சாய்ந்தபடி, ஆயிரக்கணக்கில் கடிதங்கள் எழுதினார். மந்திரிகளும் வைஸ்ராய்களும் அவரைத் தேடி வந்தார்கள். மக்கள் திரட்டிக் கொடுத்த நிதியில் 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்சிங் பள்ளி தொடங்கியது. நோயாளியைக் கவனிப்பது பற்றி அவர் எழுதிய சிறு நூலில் நமக்கு மிகவும் பிடித்தது நிர்வாகம் பற்றிய பகுதி. நாம் இருக்கும்போது ஒரு வேலை நடப்பது பெரிதல்ல, நாம் இல்லாதபோதும் அதே வேலை அதேபோல் நடக்க ஏற்பாடு செய்வதுதான் பொறுப்பு என்கிறது அது. வீட்டில் ஒரு சுகர் நோயாளியை வைத்துக்கொண்டு, தான் ஒரு நாள் வெளியூர் போனால் மாத்திரை யார் எடுத்துக் கொடுப்பார் என்று எழுதி ஒட்டிவிட்டுப் போகும் நம் வீட்டுப் பெண்கள் அதைப் படிக்காமலே கடைப்பிடிக்கிறவர்கள்.

அவர் எல்லாவற்றிலும் சரியாக இருந்தவர் அல்ல. நோய் கிருமியால் தொற்றுகிறது என்ற கொள்கையை ஏற்க வெகுகாலம் தயங்கினார். கெட்ட காற்றையும் அழுக்கையுமே காரணம் என்று நம்பினார். கூட வேலை செய்தவர்களைச் சக்கையாகப் பிழிந்தெடுத்தார் என்ற குறையும் உண்டு.

இந்தியாவுக்கு அவர் வந்ததேயில்லை. ஆனால் 1859இல் அமைந்த இந்தியப் படைச் சுகாதார ஆணையத்துக்காக, இங்குள்ள ராணுவ முகாம்களுக்கெல்லாம் கேள்வித்தாள் தயாரித்து அனுப்பி, வந்த பதில் மூட்டைகளை அறையில் அடுக்கி வைத்துப் படித்தார். குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது. ஆயிரத்துக்கு 69 வெள்ளை வீரர்கள் ஆண்டுதோறும் சாவது அதில் தெரிந்தது. முகாமை மட்டும் சுத்தம் செய்தால் போதாது, சுற்றியுள்ள ஊரும் சந்தையும் சுத்தமாக இருந்தால்தான் பயன் என்று அவர் சொல்லத் தொடங்கியது அப்போதுதான். படைவீரர்களில் ஆரம்பித்த கவலை கிராமத்து மக்களிடம் வந்து நின்றது. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, போர்க்காலத்தில் இஸ்தான்புல் தூதரகத்தில் பணியாற்றியவர். அந்தப் பழக்கத்தில் இங்குள்ள சுகாதாரம் பற்றியெல்லாம் அவருக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

பிறகு 1876இல் வந்தது, நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்ன அந்தப் பஞ்சம். சென்னை மாகாணத்திலும் தக்காணத்திலும் மைசூரிலுமாக ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நைட்டிங்கேல் கொதித்துப் போனார். மழை பொய்த்தது மட்டும் காரணமல்ல, நீர்ப்பாசனத்துக்குப் பணம் ஒதுக்காததும் வட்டிக்கடனில் விவசாயியை விட்டதும் காரணம் என்று 1878இல் லண்டன் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். கால்வாய் வெட்டச் சொல்லி ஆயுள் முழுக்க வாதாடிய ஆர்தர் காட்டனின் பக்கம் நின்றார். மானாவாரியை நம்பி, மேகத்தைப் பார்த்து உளுந்தும் பாசியும் விதைக்கும் கரிசல் காட்டுக்காரர்களுக்கு இது அந்நியமான பேச்சு இல்லை. தாமிரபரணித் தண்ணீர் குழாயில் எப்போது வரும் என்று குடம் வரிசையில் வைத்துக் காத்திருக்கும் ஊர்கள் நம்முடையவை. மழை பெய்தால் கரிசலில் தண்ணீர் சட்டென்று வடியாது. தெருவோரச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிற இடங்களில் வயிற்றுப்போக்கு யாரைத் தேடி வரும் என்பது அரசு மருத்துவமனை நர்சுகளுக்கு மனப்பாடம்.

எழுபது வயதைத் தாண்டிய பிறகும் அவர் ஓயவில்லை. 1892இல் இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில், கிராமத்துத் தாய்மார்களின் வீட்டுக்கே போய்ச் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கப் பெண்களைப் பயிற்றுவிக்கும் திட்டத்துக்கு உதவினார். 1894இல் இந்தியக் கிராமச் சுகாதாரம் பற்றி புடாபெஸ்ட் மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பினார். இன்றைக்குத் தோளில் பையும் கையில் பதிவேடுமாக, வெயிலில் வெடித்துக் கிடக்கும் கரிசல் பாதையில் ஊர் ஊராகப் போய்க் கர்ப்பிணிகளின் பெயரைப் பதிந்து, குழந்தைகளுக்குத் தடுப்பூசித் தேதி சொல்லிவிட்டு வரும் கிராம சுகாதார செவிலியர்களைப் பார்க்கிறோமே, அவர் மனதில் இருந்தது ஏறக்குறைய அந்த உருவம்தான். அந்தப் பதிவேட்டை எழுத்து வேலை என்று நம் பிள்ளைகள் சலித்துக்கொள்வதுண்டு. எம்.ஆர்.பி. தேர்வு எழுதித் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, நிரந்தரப் பணிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் செவிலியர்களின் சலிப்பில் நியாயமும் இருக்கிறது. அவர்கள் கேட்கும் ஊதியத்துக்கு விளக்குப் படமும் மே மாத வாழ்த்தும் ஈடாகாது.

கடைசி ஆண்டுகளில் நைட்டிங்கேலுக்குப் பார்வை போயிற்று. 1907இல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்ற உயர்ந்த விருது முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு, அவருக்கு, வழங்கப்பட்டது. 1910 ஆகஸ்ட் 13ஆம் தேதி, 90 வயதில் காலமானார். அரசர்கள் பலரை அடக்கம் செய்திருந்த வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் தர அரசு முன்வந்தது. குடும்பத்தார் ஏற்கவில்லை. கிராமத்துத் தேவாலயத்தின் வளாகத்தில் குடும்ப அடக்கத்தலத்தில் வைத்தார்கள். கல்லில் அவருடைய பெயரின் இரண்டு முதல் எழுத்துகளும் பிறந்த, இறந்த தேதிகளும் மட்டும்.

ஸலீமிய்யா படைவீடு இப்போதும் துருக்கி ராணுவத்தின் கையில் இருக்கிறது. அதன் ஒரு கோபுரத்தில் அவர் தங்கியிருந்த அறைகளைச் சிறிய அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்; முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். உம்ராவுக்குப் போகும் வழியில் இஸ்தான்புல்லில் ஓரிரு நாள் தங்குகிறவர்கள் படகில் உஸ்குதார் பக்கம் போனால், நான்கு மூலையிலும் கோபுரம் வைத்த அந்த நீண்ட கட்டடத்தைக் கரையிலிருந்தே பார்க்கலாம். அதற்குப் பக்கத்தில், ஹைதர்பாஷாவில், அந்தக் குளிர்காலத்தில் இறந்த வீரர்களைப் புதைத்த இடுகாடு இருக்கிறது. பெரும்பாலான குழிகளுக்கு மேல் பெயர்ப் பலகை கிடையாது.